பெரியப்பா சொன்ன துவர்ப்பு: வைன் அறியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்

கடந்த மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணா, உடுப்புகளுக்கு நடுவே சுற்றி இரண்டு வைன் போத்தல்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று நியூசிலாந்து வெள்ளை. மற்றது பிரான்சின் போர்தோ சிவப்பு. பெரியப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. தவறணைக் கள்ளையும், கொண்டாட்டம் என்றால் சாராயத்தையும் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. சிவப்பில் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “துவர்க்கிறது. வெற்றிலை இல்லாமல் வெறும் பாக்கைச் சப்பியது போல இருக்கிறது.” வெள்ளையைக் குடித்ததும் சற்று யோசித்தார். “இது புளிப்பு. ஆனால் நல்ல புளிப்பு.”

அண்ணா சிரித்தார். கனடாவில் வைன் வகுப்புக்குப் போனவர் அவர். நாங்கள் கண்ணால்கூடக் காணாத குளிர்தேசத்துப் பழங்களின் பெயர்களை அடுக்கினார். பென்சில் சீவலின் மணம் வருகிறது என்றார். எனக்கென்னவோ, அந்த அறையில் வைனைச் சரியாகச் சொன்னவர் பெரியப்பாதான் என்று படுகிறது. சிவப்பு வைனைத் தாங்கி நிற்பது துவர்ப்பு, வெள்ளையைத் தாங்கி நிற்பது புளிப்பு. துவர்ப்பு நம் அறுசுவையில் ஒன்று; பாக்கிலும் வாழைப்பூவிலும் நாவற்பழத்திலும் சின்ன வயதிலேயே நாம் அறிந்தது. ஆகவே அண்ணாவின் பழப்பட்டியலை ஒதுக்கிவிட்டு, பெரியப்பாவின் அந்த இரண்டு சொற்களையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

கள் எப்படி உண்டாகிறது என்று அறிந்தவருக்கு வைன் விளங்காத பொருள் அல்ல. பாளையைச் சீவி முட்டி கட்டினால், வடிகிற இனிப்பு நீரை மதுவம் என்ற நுண்ணுயிர் பிடித்துக்கொள்கிறது. இனிப்பைத் தின்று அதை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் அந்த வேலை நடக்காது, நமக்குக் கருப்பநீர், அதாவது பதநீர், கிடைக்கிறது. திராட்சைச் சாற்றிலும் இதே கதைதான். ஆனால் பழுத்த திராட்சையில் இனிப்பு மிக அதிகம். அதனால் கள்ளில் ஏறக்குறைய 5 வீதத்தோடு நிற்கிற மதுசாரம் வைனில் 12, 13 வீதம்வரை ஏறிவிடுகிறது. கள் மறுநாளே கெட்டுப்போகும். காற்றுப் படாமல் அடைத்த வைனோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிற்கும். மதுசாரமும் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து அதைக் காக்கின்றன.

(யாழ்ப்பாணத்தில் நாம் இந்தப் பழத்தை முந்திரிகை என்போம். தமிழகத்து வாசகர் முந்திரிப்பருப்பிலிருந்து வைன் எடுப்பதாக எண்ணிவிடக் கூடாது என்பதால் திராட்சை என்றே எழுதுகிறேன்.)

கறுப்புத் திராட்சையிலிருந்து சிவப்பு வைன், பச்சைத் திராட்சையிலிருந்து வெள்ளை வைன் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. ஒரு கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சாறு நிறமற்றே இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சாற்றைச் சில நாட்கள் நொதிக்க விட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்கும். அது சிவப்பு வைன். பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை. பிரான்சின் ஷாம்பேனில் கறுப்புத் திராட்சையான பினோ நுவாரிலிருந்தே வெளிர் நிற நுரைவைன் செய்வது இப்படித்தான்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஜோர்ஜியா நாட்டில், 'க்வெவ்ரி' என்கிற பெரிய மண்சாடிகளை நிலத்தில் கழுத்துவரை புதைத்து, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு அதற்குள் போட்டு மாதக்கணக்கில் விடுவார்கள். வருவது தேன்நிற வைன், துவர்ப்புள்ள வெள்ளை. அந்நாட்டில் சுமார் 8000 ஆண்டுகளுக்கு முந்திய வைன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 2013இல் யுனெஸ்கோ இந்தச் சாடி முறையை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மண்முட்டியில் கள் இறக்கிய ஊர்க்காரருக்கு அந்தச் சாடியைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

அடுத்து இனிப்பு. நம்மவர் பலருக்கு வைன் என்றாலே யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துத் திராட்சை ரசம் போலத் தித்திக்க வேண்டும் என்ற எண்ணம். அதனால்தான் முதல் மிடற்றிலேயே ஏமாற்றம் வருகிறது. உலகில் விற்கும் வைன்களில் பெரும்பகுதி இனிப்பற்றவை. மதுவம் சீனியை முழுக்கத் தின்று முடித்தவை. ஆனால் பழ மணம் மூக்குக்கு இனிப்பைப் போலவே தோன்றும். மணம் இனிப்பாகவும் நாக்கு வெறுமையாகவும் இருப்பது முதலில் குழப்பும். நாலைந்து முறை குடித்தால் பழகிவிடும்.

இனி ஊர்களுக்கு வருவோம். கறுத்தக்கொழும்பான் மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். பிஞ்சில் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறுகிறது. திராட்சையும் அப்படியே. குளிர்நாட்டில் பழம் மெல்லப் பழுக்கும், புளிப்பு தங்கிவிடும், இனிப்புக் குறைவு, ஆகவே மதுசாரமும் குறைவு. வெயில் நாட்டில் இனிப்பும் மதுசாரமும் ஏறி, வைன் கனதியாகிவிடும். வைன் தோட்டங்கள் பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு இரு புறமும் 30 முதல் 50 பாகை வரையான அகலக்கோடுகளில் இருப்பதன் காரணம் இது. நாம் இருப்பது 10 பாகைக்கும் உள்ளே. இங்கே கொடிக்கு உறங்கக் குளிர்காலமே இல்லை. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துப் பந்தல்களில் காய்க்கிற திராட்சை தின்ன அருமையானது. வைனுக்கோ தோல் தடித்த, விதை நிறைந்த, சிறிய பழம் வேண்டும். இந்தியாவில் மிகவும் பேர் பெற்ற வைன் ஊர் மகாராஷ்டிரத்தின் நாசிக். அங்கே மழைக்காலத்தைத் தவிர்த்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள்.

போத்தலில் ஒட்டியிருக்கும் வில்லையை (லேபலை) வாசிக்கவும் ஒரு சூட்சுமம் உண்டு. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா போன்ற நாட்டுப் போத்தல்களில் திராட்சை இனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் பெரும்பாலும் ஊர்ப்பெயர் மட்டும். நாம் 'பருத்தித்துறை வடை' என்றால் போதும், அதில் என்ன பருப்பு, எவ்வளவு தட்டை என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. வெளியூர்க்காரருக்குத்தான் திண்டாட்டம். பிரெஞ்சுக்காரரும் 'ஷாப்லி' என்று ஊர்ப்பெயரை மட்டும் போட்டுவிடுவார்; அது முழுக்க ஷார்டனே திராட்சை என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளையில் முதலில் குடிக்க வேண்டியது எது என்று கேட்டால், அண்ணா கொண்டுவந்த அதே நியூசிலாந்து வெள்ளையைத்தான், சோவின்யோன் பிளாங் என்ற திராட்சையில் செய்த மார்ல்பரோ வைனைத்தான் சொல்வேன். நியூசிலாந்துத் தென்தீவின் வடமுனையில் உள்ள மார்ல்பரோவில் பெரிய அளவில் திராட்சை நடத் தொடங்கியதே 1973இல்தான். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். விளைவு, எலுமிச்சைப் புளிப்பும் வெட்டிய புல்லின் மணமும் கொய்யா வாசமும். மறைவு எதுவும் இல்லாத வைன் அது. ஒரு முறை குடித்தால் அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லலாம். அதனால்தான் புதியவருக்கு ஏற்றது. ஆனால் எனக்கு இரண்டாவது கிண்ணத்தில் அலுத்துவிடுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அலுக்காதது ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை. ஆற்றங்கரையில் செங்குத்தாக எழும் கரும்பலகைக் கற்சரிவுகளில் கொடிகளை நட்டிருக்கிறார்கள். இயந்திரம் ஏறாது, மனிதர்தான் ஏற வேண்டும். அந்தக் கல் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் திருப்பிக் கொடுக்கிறது. குளிர்நாட்டுப் புளிப்பு கூர்மையாக இருப்பதால், சிறிது சீனி மிஞ்சும்போதே நொதித்தலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று சமன்செய்கிற அந்தச் சுவை, நல்ல தேசிக்காய்த் தண்ணீரில் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சரியாக விழுந்தது போல் இருக்கும். எது இனிப்பானது என்று அறிய எளிய வழி மதுசார அளவைப் பார்ப்பது. ஜேர்மன் ரீஸ்லிங்கில் 8, 9 வீதம் என்று இருந்தால் சீனி மிஞ்சியிருக்கிறது. 12 என்றால் தின்று தீர்ந்துவிட்டது. வில்லையில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பற்றது என்று பொருள். 'கபினெட்' என்பது மெல்லிய வகை. புதியவர் அதிலே தொடங்கலாம்.

ஷார்டனே பச்சோந்தி போன்றது. தனக்கென்று பெரிய மணம் இல்லை, செய்கிறவர் கையில் எதுவாகவும் மாறும். பிரான்சின் பேர்கண்டிப் பகுதியின் வடக்கே ஷாப்லியில், சிப்பி ஓடுகள் புதைந்த சுண்ணாம்புக்கல் நிலத்தில் விளைவது மெலிந்தும் கூர்மையாகவும் இருக்கும். (நம் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கல் மட்டும் வைன் தந்திருந்தால் நாம் எப்போதோ பணக்காரர் ஆகியிருப்போம்.) அதே ஷார்டனேயைக் கலிபோர்னியாவில் ஓக் மரப் பீப்பாவில் இட்டு, வைனில் உள்ள, பச்சை அப்பிளில் இருப்பது போன்ற கூர்மையான அமிலத்தைப் பாலில் இருப்பது போன்ற மென்மையான அமிலமாக மாற்றும் இன்னொரு நொதித்தலுக்கும் விட்டால், வெண்ணெய் மணத்தோடு கனதியாக வரும். ஒரே திராட்சைதான் என்றால் பெரியப்பா நம்பமாட்டார்.

கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற திராட்சையின் பெயரை உச்சரிக்க அஞ்ச வேண்டாம். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து வருவது, லிச்சியும் ரோசாவும் மணக்கும். சிலருக்கு அது அகர்பத்தி கொளுத்தியது போலப் படும். நானும் அந்தச் சிலரில் ஒருவன். தென்னாபிரிக்காவில் மிக அதிகம் நடப்படும் திராட்சை ஷெனன் பிளாங். அங்கே அதற்கு 'ஸ்டீன்' என்று பழைய பெயர். விலை குறைந்த வெள்ளைகளில் ஏமாற்றாதது இதுவே. கிரேக்கத்தின் சந்தோரினித் தீவில் காற்றுக்குப் பயந்து கொடிகளை நிலத்தோடு கூடை போல் முடைந்து வளர்க்கிறார்கள். அங்கே விளையும் அசீர்த்திக்கோ, கடும் வெயிலிலும் புளிப்பை விடாத அதிசயம்.

சிவப்புக்கு வருகிறேன். துவர்ப்பு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பால் விடாத கடுந்தேநீரைக் குடித்தால் நாக்கு வறண்டு மரத்துப்போகிறது அல்லவா? துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. அதே தேநீரில் பால் விட்டால் அது பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், நாக்குத் தப்பிவிடும். சிவப்பு வைனை இறைச்சியோடு குடிக்கச் சொல்வதற்கும் ஏறக்குறைய இதுவே காரணம். தேநீருக்குப் பால் செய்வதைச் சிவப்புக்கு ஆட்டிறைச்சி செய்கிறது.

எனவே பாக்குத் துவர்ப்பை விரும்பாதவர் போர்தோவில் தொடங்கவே கூடாது. பெரியப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். பிரான்சின் போஜோலேயில் தொடங்குங்கள். கமே என்ற திராட்சை. முழுக் குலைகளை நசுக்காமல் மூடிய தொட்டியில் இட்டு நொதிக்க விடுவதால் நிறமும் பழமணமும் இறங்கும், துவர்ப்பு அதிகம் இறங்காது. சிறிது குளிரவைத்தும் குடிக்கலாம். நமது வெக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு எனக்குத் தெரியாது. அடுத்த படி பினோ நுவார். பேர்கண்டியில் அதற்கு நெருப்பு விலை. நியூசிலாந்திலும் சிலியின் குளிர்ந்த கடலோரத்திலும் விளைவது கைக்கு எட்டும்.

ஆர்ஜென்டீனாவின் மால்பெக் திராட்சை பிரான்சின் கஹோரிலிருந்து குடிபெயர்ந்தது. பிறந்த ஊரில் முரட்டுத் துவர்ப்பு. அந்தீஸ் மலையடிவாரத்தில், மென்டோசாவின் 1000 மீற்றர் உயரத்து வெயிலில் அது மெத்தென்று ஆகி நாவற்பழ நிறத்தில் வருகிறது. புலம்பெயர்ந்த பின் செழித்த கதைகள் நமக்குப் புதிதல்லவே.

இன்னொரு புலம்பெயர்ந்த திராட்சையின் கதை இதைவிடச் சுவையானது. 1860களில் பிலொக்செரா என்ற பேன் போன்ற பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு தின்றழித்தது. போர்தோவின் கார்மெனேர் என்ற இனம் அநேகமாக அழிந்தேபோனது. ஆனால் அதற்கு முன்பே அதன் கன்றுகள் சிலிக்குப் போயிருந்தன. சிலியில் அதை மெர்லோ என்ற இன்னொரு போர்தோ இனம் என்றே எண்ணி, மெர்லோவோடு கலந்து நட்டு விற்றார்கள். 1994இல் ஜோன்-மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தோட்டத்தில் இலையையும் பழத்தையும் பார்த்து, இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். பச்சைக் குடைமிளகாயின் மணம் அதில் மெல்ல வரும். காய்கறி மணம் வந்தால் கெட்டுப்போன வைன் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

ஸ்பெயினின் ரியோஹாவைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அங்கே டெம்பிரானியோ திராட்சை வைனைப் பல தோட்டக்காரர் அமெரிக்க ஓக் பீப்பாவில் ஊறவைக்கிறார்கள். அந்த மரத்தில் தேங்காயின் மணத்தைத் தருகிற ஒரு பொருள் இயல்பாகவே இருக்கிறது. வெளிநாட்டு வைனொன்றை முகர்ந்துவிட்டு வறுத்த தேங்காய்ப்பூ நினைவுக்கு வந்தால் அது கற்பனை அல்ல. வில்லையில் 'கிரியான்சா' என்றால் குறைந்தது 2 ஆண்டு, 'ரெசெர்வா' என்றால் 3 ஆண்டு, 'கிரான் ரெசெர்வா' என்றால் 5 ஆண்டு முதிர்ந்தது. பழையது என்பதற்காகவே கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், கிரியான்சா போதும்.

அதுபோலவே சிரா திராட்சையில் மிளகு மணம். பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கில் அது தூக்கலாக வரும். மிளகுக்கு மணம் தருகிற ரொட்டன்டோன் என்ற அதே பொருள்தான் இந்தத் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் அதற்குப் பெயர் ஷிராஸ். அங்குள்ள பரோசாப் பள்ளத்தாக்கில் வெயிலில் பழுத்து 14, 15 வீத மதுசாரத்தோடு, பனம்பாணிபோலத் திரண்டு வரும். பிலொக்செரா தென் அவுஸ்திரேலியாவை எட்டாததால் 1840களில் நட்ட கொடிகள் சில இன்னும் அங்கே காய்க்கின்றன.

போர்தோவை எங்கே விட்டேன்? ஆற்றின் இடக்கரையில் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை மிகுந்து துவர்க்கும். வலக்கரையில் மெர்லோ மிகுந்து மென்மையாக இருக்கும். வாங்கினால் வலக்கரையில் தொடங்குங்கள். இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு வைன் இன்னும் கடினம். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்பு உலுக்கும். சட்டப்படியே 3 ஆண்டுக்கு மேல் முதிரவைத்துத்தான் விற்கிறார்கள். அதைச் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் சிவப்பு வைனை 'அறை வெப்பத்தில்' குடிக்கச் சொல்கின்றன. அவர்கள் அறை 17, 18 பாகை. நம் அறை சித்திரையில் 33. அந்த வெப்பத்தில் மதுசாரம் மட்டும் மூக்கில் ஏறும். சிவப்பை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். வெள்ளையை இரண்டு மணி நேரம். ஐஸ் போட வேண்டாம் என்று சொல்வார்கள். ஆடி மாதக் காற்றில் மின்சாரமும் போய்விட்டால் நான் போடுவேன். கடையில் கண்ணாடியோரம் வெயிலில் நிற்கும் போத்தலை மட்டும் எடுக்காதீர்கள். அது எவ்வளவு உயர்ந்ததானாலும் வெந்துபோன வைன். திருகு மூடியைப் பார்த்து மலிவுச்சரக்கு என்று எண்ணவும் வேண்டாம். நியூசிலாந்தில் நல்ல வைனுக்கும் அதுதான் மூடி. இலங்கையில் வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும், போயா என்கிற பௌர்ணமி நாளில் கடை பூட்டு என்பதை ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. விடுமுறைக்கு வருகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டோடு எப்படி என்பதில் வெளிநாட்டு அட்டவணைகள் நமக்கு அதிகம் உதவாது, அவை யாழ்ப்பாணத்துக் கறித்தூளை அறியா. மதுசாரமும் துவர்ப்பும் உறைப்பை இன்னும் எரியவைக்கும். நண்டுக் கறிக்குப் பரோசா ஷிராஸ் குடித்துவிட்டு நான் பட்ட பாடு போதும். நண்டுக்கும் இறாலுக்கும் ஒடியற்கூழுக்கும் மதுசாரம் குறைந்த, சற்று இனிப்புள்ள மோசல் ரீஸ்லிங். மீன் சொதிக்கும் சுட்ட மீனுக்கும் சோவின்யோன் பிளாங் அல்லது ஷெனன் பிளாங். அவற்றின் புளிப்பு, மீனுக்குத் தேசிக்காய் பிழிந்த வேலையைச் செய்துவிடும். மீனோடு சிவப்பைக் குடித்தால் சில வேளை வாயில் இரும்பு மணம் வரும். சிவப்பில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு மால்பெக் அல்லது குளிரவைத்த போஜோலே. உறைப்புக் குறைத்துச் செய்தால் ரியோஹா. புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்புமா? அதற்கு நான் இன்னும் துணை தேடிக்கொண்டிருக்கிறேன்.

திறந்த போத்தலை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். வெளியே விட்டால் காற்றில் உள்ள பற்றீரியா மதுசாரத்தைக் காடியாக்கிவிடும், கள்ளுக்கு நடப்பதுபோலவே. அண்ணாவின் போர்தோவில் பாதியை யாரும் குடிக்கவில்லை. அவர் திரும்பிப் போன பிறகும் அது குசினித் தட்டில் கிடந்தது. ஒரு மாதம் கழித்துப் பெரியப்பா திறந்து முகர்ந்துவிட்டு, “இப்போதுதான் இதற்கு ஒரு பயன் வந்திருக்கிறது” என்று பெரியம்மாவிடம் நீட்டினார். அந்தக் கிழமை அச்சாற்றுக்கு வினாகிரி வாங்கவில்லை.